சித்தி நீந்தக் கற்ற கோடை

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'பிளீச்சிங்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆசிரியை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் அது வெளியே வந்துவிட்டுப் போகும். கோடை விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்புக்குள் காலை வைத்ததுமே பெஞ்சில் இருப்பதுகள் மூக்கை உறிஞ்சி, "வந்துட்டா பிளீச்சிங்" என்று சொல்லிச் சிரிக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத பிளீச்சிங் பவுடர் வாசனை அது. தலைமுடி வேறு செம்பட்டையாகி, துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. கேலி செய்கிறவர்கள் எல்லாரும் காசு கொடுத்து, வரிசையில் நின்று, மணியடித்ததும் வெளியேற வேண்டிய இடத்தில் அவள் குடியிருந்தாள்.

அவளுடைய அப்பா பொது நீச்சல் குளத்தில் பம்ப் ஆபரேட்டர். பம்ப் அறையை ஒட்டி இரண்டு அறைகள், அதுதான் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடினால் இந்தப் பக்கம் அலமாரியில் தட்டுகள் லேசாக நடுங்கும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே குளத்தின் ஆழப் பக்கம். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அவளும் அண்ணனும் வாசல் வழியாகப் போய் வந்ததைவிட அந்த ஜன்னல் வழியாகப் போய் வந்ததுதான் அதிகம். அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து, மேலெல்லாம் ரொட்டி மணக்க வீட்டுக்கு வருவாள். சமையல் மேடையில் ஈரக் கால்தடத்தைப் பார்த்ததும், "பெத்தது ரெண்டும் குரங்கு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துத் துடைப்பாள். திட்டுகிற தெம்பு இருக்காது.

ஊருக்குக் குளம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். இவர்களுக்கு விடிந்ததும். அப்பா நீளக் கம்பு வலையால் மேலே மிதக்கிற இலைகளையும் பூச்சிகளையும் அள்ளிக்கொண்டே குளத்தைச் சுற்றி வருவார். முந்தின நாள் மருந்து அதிகம் போட்டிருந்தால், "இன்னிக்குத் தண்ணி தூங்குது, எழுப்பாதீங்க" என்பார். அன்றைக்கு இறங்கக் கூடாது. மற்ற நாட்களில் ஒன்றும் சொல்லமாட்டார்; சொல்லாவிட்டால் அனுமதி என்று பொருள். ஒரு சுருக்கமும் இல்லாமல் விரித்துவைத்த துணி மாதிரி கிடக்கும் அந்த நீலத்தை முதலில் கலைப்பது யார் என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் தினமும் அடிதடி. பெரும்பாலும் அண்ணன்தான் ஜெயிப்பான். அவனுக்குக் கால் நீளம்.

ஒன்பது மணிக்குப் பிறகு அது வேறு உலகம். குளத்தைக் காவல் காப்பவருக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓடினால் ஊதுவார், குதித்தால் ஊதுவார், சும்மா நின்றாலும் சந்தேகப்பட்டு ஒரு தடவை ஊதுவார். மத்தியானத்தில் சிமெண்டுத் தரை கொதிக்கும். தண்ணீரிலிருந்து ஏறி, அந்தச் சூட்டில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டால் உடம்பு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். எழுந்தால் ஈரத்தில் ஆள் உருவம் ஒன்று தரையில் கிடக்கும். அது ஓரத்திலிருந்து காய்ந்து சிறுத்து, ஒரு உள்ளங்கை அளவாகி, இல்லாமல் போவதை அவள் உட்கார்ந்து பார்ப்பாள். கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, காதுக்குள் தண்ணீர் அடைத்து, அம்மா கூப்பிடுவது எங்கோ அடுத்த தெருவில் கூப்பிடுவதுபோலக் கேட்கும். கூப்பிட்டது காதில் விழவில்லை என்று சொல்வதற்கு அதைவிட நல்ல சாக்கு வேறு இல்லை.

அவளுக்கு ஒன்பது வயதான கோடையில் சித்தி வந்தாள்.

அம்மாவின் ஒரே தங்கை. கையில் ஒரு பை. "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றாள். பத்து நாள் கழிந்தது. சித்தி போகவுமில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். மோட்டார் சத்தத்தில் ஒட்டுக்கேட்பதும் முடியவில்லை.

சித்தி வாயையே திறக்கமாட்டாள். காலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னலருகே முக்காலியைப் போட்டு உட்காருவாள். இருட்டும்வரை அங்கேயே இருப்பாள். கேட்டால் பதில் வரும், அதுவும் ஒரு சொல். "சாப்பிட்டீங்களா சித்தி?" "ம்." "தூங்கினீங்களா?" "ம்." அண்ணன் சலித்துப்போய், "நம்ம சித்திக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றான். அதற்கு அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினான்.

பின்னால் பெரியவளான பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. சித்தப்பா கை ஓங்குகிற மனிதர் இல்லை. குடியும் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். ஏதோ அற்ப விஷயம். சித்தி கேட்காமல் ஒரு தோழி வீட்டுக்குப் போய் வந்தாளாம். அதற்காக மாதக்கணக்கில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலிருந்த மற்றவர்களையும் பேச விடவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார். சித்தி கேட்ட கேள்விகள் எல்லாம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தன. கடைசியில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு பிற்பகல் அவள் ஜன்னல் வழியாகச் சொட்டச் சொட்ட உள்ளே ஏறியபோது சித்தி திடீரென்று கேட்டாள்:

"தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா என்ன தெரியும்?"

சித்தி ஒரு முழு வாக்கியம் பேசியதே அவளுக்கு அதிர்ச்சி. "எல்லாம் தெரியும். ஆனா... வழுவழுன்னு தெரியும்."

"வழுவழுன்னா?"

"சொல்ல வரல சித்தி. வந்து பாருங்க."

மறுநாள் விடியற்காலையில் சித்தி அப்பாவின் பழைய சட்டையையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டி, குளத்து ஓரத்தில் வந்து நின்றாள். அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரம் செய்ய ஒரு ஆள் கிடைத்தால் சும்மா விடுவானா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, விசிலைப் போலவே தொண்டையைச் செருமி, "முதல்ல இந்த ஓரத்துக் கம்பியைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். காலை நீட்டுங்க. முட்டியை மடக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். சித்தி கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. கால் மேலே வரவே மறுத்தது. தங்கைக்காரி தண்ணீருக்குள் மூழ்கி, சித்தியின் இரண்டு பாதங்களையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கியதும் தலை கீழே போனது. இருமிக்கொண்டு எழுந்த சித்தியின் மூக்கிலும் வாயிலும் தண்ணீர்.

"குடிக்காதீங்க சித்தி," என்றான் அண்ணன் கடுப்பாக. "அப்பா அளந்து வச்சிருக்காரு."

சித்தி அவனைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் தங்கைக்காரி நினைத்தாள். சித்தி சிரித்தாள். இருமலும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சத்தம் காலியான குளத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. எதிர்ப்பக்கம் அப்பா வலையோடு அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சமையலறையில் நின்றிருந்த அம்மா ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பாடம். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்த அன்று சித்தி மேலே வந்து, "ஆமா, வழுவழுன்னுதான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு கசிய ஆரம்பித்தது. முதலில் தண்ணீரைப் பற்றி: குளிர்கிறது, இன்று குளிரவில்லை, காதுக்குள் போய்விட்டது. பிறகு கரையில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் பற்றி. சின்ன வயதில் அம்மா எவ்வளவு பெரிய திருடி, பள்ளிக்கூட மணியை எப்படி ஒளித்துவைத்தாள் என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வந்தது. மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்ட நாளில் சித்தி எழுந்து வரவே மறுத்தாள். முதுகுக்கடியில் கை வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தங்கைக்காரி எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தாள். சித்திக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுடாதடி, விட்டுடாத" என்று முணுமுணுத்தபடி தானாக மிதந்துகொண்டிருந்தாள்.

ஆழமில்லாத பக்கத்தில் குறுக்கே நீந்தவும் வந்தது. அழகாக வந்தது என்று சொல்ல முடியாது. கையும் காலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஆனால் போய்ச் சேர்ந்தாள். ஆழப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "அடுத்த வாரம் பாக்கலாம். நான் சொல்றப்பதான்."

அந்த அடுத்த வாரத்துக்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

இரவு பஸ்ஸில் கிளம்பி, விடிகாலையில் வந்து இறங்கினார். பக்கவாட்டுக் கதவை அப்பாதான் திறந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கிற ஷூ, கையில் ஒரு தோல் பை. குளத்தில் அப்போது மூன்று பேர். சித்தி நடுவில், இடுப்பளவு தண்ணீரில், அப்பாவின் சட்டை பலூன் மாதிரி உப்பியிருக்க நின்றுகொண்டிருந்தாள்.

சித்தப்பா விளிம்புக்கு வந்து நின்று, "கிளம்பு" என்றார்.

மாதக்கணக்குக்குப் பிறகு அவர் சித்தியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லில் சித்தியின் முகம் மறுபடி ஜன்னலோர முகமாக மாறியதை அவள் பார்த்தாள். சித்தி ஏறிப் போய்விடுவாள், பையை எடுத்துக்கொள்வாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

சித்தி ஏறவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, ஆழப் பக்கத்தை நோக்கி நீந்த ஆரம்பித்தாள்.

"சித்தி, அங்க வேணாம்!" என்று அண்ணன் கத்தினான். அப்பா வலைக்கம்பைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பை உதறினார். தரையின் நீலக் கோடு சரிந்து இருண்டு போகிற இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் நின்று மூச்சு வாங்க முடியாது. சித்தி அதைத் தாண்டினாள். தலை ஒரு தடவை உள்ளே போனது. தலை மேலே வந்தது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தண்ணீரை அடித்து, உதைத்து, கோணல்மாணலாகப் போய் எதிர்ச்சுவரின் கம்பியை எட்டிப் பிடித்தாள்.

சித்தப்பா விறுவிறுவென்று குளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் நடந்தார். அவர் அங்கே போய்ச் சேருவதற்கும் சித்தி காலால் சுவரை உதைத்து இந்தப் பக்கம் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. அவர் மறுபடி சுற்றி வந்தார். சித்தி மறுபடி திரும்பினாள். ஒவ்வொரு தடவையும் நீச்சல் கொஞ்சம் நேரானது. ஈரத் தரையில் ஷூ வழுக்கி, சித்தப்பா கையை விரித்துச் சமாளித்து நின்றார்.

"சகலை," என்றார் அப்பா, ரொம்ப மரியாதையாக. "இங்க ஷூ போட்டுட்டு நடக்கக் கூடாது. பாத்து, விழுந்து வச்சிடாதீங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் மூழ்கிச் சிரித்துவிட்டு மேலே வந்தான்.

சித்தி ஆழப் பக்கத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு பேசினாள். கத்தவில்லை, ஆனால் தண்ணீர் அந்தக் குரலைத் தெளிவாகக் கொண்டுவந்து கொடுத்தது.

"நான் வரல. கோவத்துல சொல்லல. அந்த வீட்டுல நான் உயிரோட இருக்கறேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. இங்க இருக்கற புள்ளைங்க என்னைத் திட்டுதுங்க, கேள்வி கேக்குதுங்க, பதில் சொல்லுதுங்க. எனக்கு அது போதும்."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கமில்லாததாலோ என்னவோ, வரவில்லை. அப்பா அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தார். ஈர ஷூவோடு முக்காலியில் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார். பாவம், அவரும் பிறகு வேறு ஒரு வாழ்க்கை அமைத்துக்கொண்டார் என்று கேள்வி.

அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசிட்டியேடி. நாளைக்கு உனக்குன்னு யாரு இருக்கா?" என்று நாள்கணக்கில் புலம்பினாள். சித்தி தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பாடம் இருக்கு. அது மட்டுந்தான் இப்ப தெரியும்" என்றாள். கடைசியில் அப்பாதான் முடித்துவைத்தார். "இருக்கட்டும் விடு. இந்த வீட்டுல சத்தம் போடறதுக்கு மோட்டார் ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப ரெண்டாச்சு."

அந்த வருடக் கடைசியில், குளத்தில் பெண்கள் மட்டும் இறங்கும் நேரத்துக்கு ஒரு உதவியாளர் வேண்டுமென்று நிர்வாகம் தேடியது. சித்தி போய்க் கேட்டாள், கொடுத்தார்கள். அடுத்தடுத்த கோடைகளில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் சித்தியின் கையில்தான் மிதக்கக் கற்றார்கள். வாயைத் திறக்காத சித்தி போய், வாய் மூடாத சித்தி வந்திருந்தாள். "அந்த அம்மா பேச்சுக்குப் பயந்தே எல்லாரும் மூழ்கிப்போய் நீந்தக் கத்துக்குறாங்க" என்று விசில் சொல்வார். கண்கொத்திப் பாம்பு மாதிரி அவர் காவல் காக்கும் குளத்தில் சித்தியிடம் மட்டும் அவர் விசில் ஊதியதில்லை. ஊதிப் பயனில்லை.

அவளுக்கு அந்தக் கோடைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கின்றன. எந்த வருடம் அண்ணனுக்குப் பல் உடைந்தது, எந்த வருடம் குச்சி ஐஸைக் குளத்துக்குள் விட்டுத் தண்ணீரில் ஒரு சிவப்புப் புகை பரவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட பகல்.

அந்தப் பகலை அவளேதான் முடித்துக்கொண்டாள். பதினான்கு வயதில் ஒருநாள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் சிலர் மதிலோரம் நின்று அவளைப் பார்த்து ஏதோ சொல்லிக் குனிந்து சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய உடம்பைப் பற்றி என்பது மட்டும் தெரிந்தது. ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டாள். அடுத்த நாள் தலைவலி என்றாள். அதற்கடுத்த நாள் பாடம் படிக்க வேண்டும் என்றாள். சித்தி பெரிதாக வற்புறுத்தவில்லை. "தண்ணி எங்கயும் போயிடாது. மனசு வர்றப்ப வா" என்றாள்.

ஆனால் தண்ணீர் போய்விட்டது. அந்தக் கோடையும் அடுத்த கோடையும் அவள் ஜன்னலுக்குள்ளேயே உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு குளத்தின் அடியில் விரிசல் கண்டது. அப்பா இரவெல்லாம் தண்ணீர் விட்டாலும் காலையில் ஒரு முழம் குறைந்திருந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருநாள் வடிகாலைத் திறந்துவிட்டார்கள்.

முழுதும் வற்றிய பிறகு அவர்கள் நாலு பேரும் படி இறங்கி உள்ளே நடந்தார்கள்: அப்பா, அண்ணன், சித்தி, அவள். தரை சரிந்து சரிந்து ஆழப் பக்கத்துக்குக் கொண்டுபோனது. நீலச் சாயம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மூலையில் தலை ஊசிகள், ஒரு சாவி, யாருடைய மூக்குக் கண்ணாடியிலிருந்தோ விழுந்த ஒற்றை லென்ஸ். அவள் ஆழத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கோ உயரத்தில் இருந்தது. இத்தனை ஆழத்துக்கு மேலேயா நான் மிதந்தேன் என்று முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. ஏதாவது பேசினால் நாலு சுவரும் திருப்பிப் பேசின. அப்பா குனிந்து விரிசலில் விரலை வைத்து, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல அதன் போக்கிலேயே தடவிக்கொண்டு போனார்.

இந்தக் கோடை இல்லாவிட்டால் அடுத்த கோடை என்று இருந்துவிட்டோமே என்பது அவளுக்கு அங்கே நின்றபோது உறைத்தது. அழுகை வந்தது. அண்ணன் பார்த்துவிடுவானே என்று ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே அண்ணன் நின்று அழுதுகொண்டிருந்தான்.

அவர்கள் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். மோட்டார் சத்தம் இல்லாமல் அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு பழைய மேசை விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்து, அதன் கடகடப்பில்தான் கண்ணை மூடினார், கடைசிவரை அப்படித்தான். சித்தி ஒரு பெண்கள் விடுதியில் கண்காணிப்பாளராகச் சேர்ந்து, தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். அண்ணன் லாரி ஓட்டப் போனான். அவள் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். கடையின் பின்னறையில், சட்டத்துக்குத் தக்கபடி லென்ஸின் விளிம்பைத் தேய்த்து எடுப்பது அவள் வேலை. தேய்க்கிற கல் சூடாகாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். மத்தியான வேளைகளில் அந்தச் சலசலப்பில் அவள் கொஞ்சம் எங்கேயோ போய்விடுவாள். முதலாளி இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.

கல்யாணம் ஆனது, ஒரு மகள். மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும்போதெல்லாம் குளத்துக் கதைதான். மகள் வளர்ந்த பிறகு, "ஒரு தண்ணித் தொட்டியைப் பத்தி இவ்வளவு பேச என்னம்மா இருக்கு?" என்றாள். கதை சொன்ன அவளே முப்பது வருடத்துக்கு மேலாக இடுப்பளவு தண்ணீரில்கூட இறங்கியதில்லை.

குளம் இருந்த இடத்தில் இப்போது மாடி மாடியாகக் கார் நிறுத்துகிற கட்டடம். கடையிலிருந்து பக்கம்தான் என்றாலும் அவள் அந்தத் தெருவழியாகப் போவதில்லை. இந்த வருடம் கோடை தொடங்கியபோது அண்ணன் கண் பரிசோதனைக்கு வந்தான். வழியில் சித்தியையும் ஏற்றிக்கொண்டு வந்தவன், வண்டியை அந்தக் கட்டடத்துக்குள் விட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தான்.

"நாங்க எங்க நிக்கறோம் தெரியுமா? ஆழப் பக்கத்துல. சித்தி சண்டை போடறாங்க. நீ உடனே வா."

அவள் கடையில் சொல்லிவிட்டு ஓடினாள். தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே அண்ணன் நரைத்த தலையோடு நின்றான். சித்தி கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது ஆழப் பக்கமாம். இவன் தலை. இங்கதான் ஏணி இருந்துச்சு. ஆழப் பக்கம் அதோ, அந்த வெள்ளை வண்டி நிக்குதே அங்க."

"அங்க பம்ப் ரூம் சித்தி," என்றான் அண்ணன்.

"பம்ப் ரூம்ல நான் குடியிருந்தவடா. எனக்கே சொல்றியா?"

"நானும் அங்கதான் பொறந்தேன்."

அவள் இருவரையும் பார்த்தாள். வெளியே தெருவில் தெரிந்த பழைய தபால் நிலையத்தின் கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஒன்றுதான் மாறாமல் இருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது எந்தப் பக்கம் தெரியும் என்று மனதுக்குள் நின்று பார்த்துக்கொண்டு, நாலைந்து எட்டு நகர்ந்து, இரண்டு கார்களுக்கு நடுவே போய் நின்றாள். "ரெண்டு பேரும் தப்பு. ஜன்னல் இங்க. அப்பா வலையோட நின்ன இடம் அது."

மூன்று பேரும் அங்கே நின்றார்கள். ஒரு கார்க்காரர் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார். யாரும் நகரவில்லை. அவர் தலையை நீட்டி, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"தொலைக்கல தம்பி, இங்கதான் குடியிருந்தோம்," என்றாள் சித்தி. பிறகு அவருக்குக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த மனிதர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் அவள்தான் சொன்னாள். "ரொம்ப ஏக்கமா இருக்கு சித்தி. அந்தக் கடைசி ரெண்டு கோடையை நினைச்சா இப்பவும் நெஞ்சை அடைக்குது."

சித்தி நடந்துகொண்டே, "எனக்கு ஏக்கம் எல்லாம் இல்லடி. ஆனா நீ அன்னிக்குத் துண்டைப் போத்திக்கிட்டு ஏறிப் போனியே, அது எனக்கு மறக்கல. நான் பேசியிருக்கணும். ஊரெல்லாம் பேசினேன், உங்கிட்ட மட்டும் விட்டுட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பஸ் நிலையத்துக்கு அந்தாண்ட புதுசா ஒரு குளம் கட்டியிருக்காங்களாம். கூரை போட்டது. காலைல பொம்பளைங்களுக்கு மட்டும். போலாமா?" என்று கேட்டாள்.

"இந்த வயசுலயா? இந்த உடம்போடயா?"

"அங்க வர்றவங்க எல்லாம் என் வயசு. உன்னைப் பாத்து, சின்னப் பொண்ணு வந்திருக்கான்னு பொறாமைப்படுவாங்க."

அண்ணன் ஊருக்குப் போய்விட்டான். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் அவளும் சித்தியும் போனார்கள். புதுக் குளத்தில் எல்லாம் வெள்ளை ஓடு. எங்கும் குழல் விளக்கு. தரை சுடவே இல்லை. தண்ணீரைச் சித்தி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது தண்ணியா, கஞ்சியா? வெதுவெதுன்னு இருக்கு. நான் இறங்கமாட்டேன்" என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த கையோடு பக்கத்திலிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தாள்.

அவள் துண்டை எடுக்க ரொம்ப நேரம் பிடித்தது. எடுத்து மடித்து வைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்கினாள், முழங்கால், இடுப்பு, மார்பு. கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். முதல் தடவை குறுக்கே நீந்தியபோது உடம்பு பாரமாகக் கீழே இழுத்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவது தடவை தோள் தானாகத் திரும்பியது. கை எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பியபோது, வாய் விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. சிரித்தாள், கொஞ்சம் தண்ணீர் உள்ளே போனது.

பெஞ்சிலிருந்து சித்தி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். "ஏறு, ஏறு. உனக்குக் கடை இருக்கு. பஸ் போயிடும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை சித்தி," என்றாள் அவள்.